அஞ்சறைப் பெட்டியும் இடுப்புச் சுற்றளவும்: எதை, எவ்வளவு, எப்போது

முதலில் வாங்க வேண்டியது வெந்தயமும் இல்லை, பட்டையும் இல்லை. தையற்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த இஞ்ச் டேப். கடைசி விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நாம்தான். இந்தியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கிலும் நமக்கு 23 தாண்டினால் அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன். ஆள் பார்க்க ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் இருந்தாலும், அந்தக் கொழுப்பு கல்லீரலையும் கணையத்தையும் சுற்றி உட்கார்ந்திருப்பதால் சர்க்கரை, இரத்த அழுத்தம், ஃபேட்டி லிவர் எல்லாம் சீக்கிரமே வந்துவிடுகின்றன.

எந்தப் பொடியையும் தொடுவதற்கு முன் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, டிரைகிளிசரைடு உட்பட கொழுப்பு அளவுகள், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். மூலிகை ஒத்துக்கொள்ளாமல் கல்லீரல் பாதித்தால், ‘முன்பே இப்படித்தான் இருந்ததா, இப்போது ஏறியதா’ என்று சொல்ல இந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

என்ன எதிர்பார்க்கலாம்

கொழுப்பைக் கரைக்கும் மசாலா என்று ஒன்று கிடையாது. சென்னையை மையமாகக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரம் நடந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை! தடுப்பு என்பது நடையும் சாப்பாடும்தான். அஞ்சறைப் பெட்டிக்கு வேலை இருப்பது அந்தச் சாப்பாட்டுப் பக்கத்தில்.

அதே அளவில் வைத்துத்தான் மற்ற ஆய்வுகளையும் படிக்க வேண்டும். ஈரானில் அதிக எடையுள்ள 88 பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு, தினம் 3 கிராம் சீரகப் பொடியைத் தயிரில் கலந்து மூன்று மாதம் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் உணவு ஆலோசனை உண்டு. சீரகம் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இழந்தது சுமார் ஒன்றரைக் கிலோ. மோசமில்லாத பலன்தான். ஆனால் ‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி ஸ்பூன் கணக்கு. வீட்டில் இருக்கும் டீஸ்பூன்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. 5 மில்லி கொள்ளும் அளவு ஸ்பூன் ஒன்றை வைத்துக்கொண்டு தலையைத் தட்டி அளந்தால், வெந்தயம் 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, மஞ்சள் தூள் 3 கிராம், பட்டைத் தூள் இரண்டரை கிராம், மிளகுத் தூள் அதற்கும் கொஞ்சம் குறைவு, முழுச் சீரகம் 2 கிராம். கீழே ‘ஸ்பூன்’ என்று வருமிடமெல்லாம் இதுதான்.

வெந்தயம்

இருப்பதிலேயே நம்பத் தகுந்தது இதுதான். எடையில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து; அதில் கணிசமான பகுதி தண்ணீரில் கூழாகும் வகை. ஊறிய வெந்தயத்தை விரலிடுக்கில் தேய்த்தால் வழுவழுவென்று வருகிறதே, அந்தக் கூழ் சோற்றோடு கலந்து குடலில் இறங்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறுவது மெதுவாகிறது. வயிறும் நிரம்பிய மாதிரி இருக்கும்.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர், ஒன்பது மணிக்கு ஆறு இட்லி. கூழ் போய்ச் சேர்ந்த பிறகு இட்லி வருகிறது. வெறும் வயிறு என்றால் மருந்துக்கு வீரியம் கூடும் என்ற நம்பிக்கை நார்ச்சத்துக்குப் பொருந்தாது. அது சாப்பாட்டோடு சேர்ந்து போக வேண்டிய பொருள். இன்னொரு தவறு, ஊறவைக்காத வெந்தயத்தை அப்படியே விழுங்கித் தண்ணீர் குடிப்பது. பாதி வெந்தயம் முழுசாகவே வெளியே போய்விடும்.

செய்முறை: ஒரு ஸ்பூன் வெந்தயத்தை இரவில் அரை டம்ளர் தண்ணீரில் ஊறப் போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்பு மென்று தின்றுவிட்டு அந்தத் தண்ணீரையும் குடியுங்கள். மெல்ல முடியாதவர்கள் ஊறியதை மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டி, 200 மில்லி நீர்மோரில் கலந்து குடிக்கலாம். கலந்ததும் குடித்துவிட வேண்டும். கால் மணி நேரம் விட்டால் கெட்டியாகித் தொண்டையில் இறங்காது. முதல் வாரம் அரை ஸ்பூன் போதும். எடுத்த எடுப்பில் இரண்டு ஸ்பூன் என்று ஆரம்பித்தால் வயிறு உப்பும், காற்றுப் பிரியும், பேதியாகும். பழகிய பிறகு காலை ஒன்று, மதியம் ஒன்று, இரவு அரை என்று நாளைக்கு 10 கிராம் வரை போகலாம். வியர்வையிலும் சிறுநீரிலும் பாகு போல ஒரு வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், அது வெந்தய வாசனைதான்.

கசப்பு பிடிக்காதவர்களுக்கு முளைகட்டிய வெந்தயம். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றரை நாளில் முளை விடும். வெயில் காலத்தில் துணியை இருமுறை நனைக்க வேண்டும். இல்லையென்றால் பிசுபிசுத்து நாறும். வெங்காயம், தேங்காய்த் துருவல் கொஞ்சம் போட்டுப் பொரியலாக்கினால் குழந்தைகள்கூடச் சாப்பிடுவார்கள்.

‘தோசை மாவில்தான் வெந்தயம் போடுகிறோமே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நாலு கப் அரிசிக்கு ஒரு ஸ்பூன் போட்டு இருபது தோசை வார்த்தால், ஒரு தோசைக்கு 0.2 கிராம். மணத்துக்கும் மொறுமொறுப்புக்கும் சரி, மருந்துக்கு ஆகாது. வெந்தயக் களியில் அளவு இருக்கிறது. ஆனால் கூடவே கருப்பட்டியும் நல்லெண்ணெயும் தாராளமாக இருக்கின்றன.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் வெந்தயத்துக்கும் மாத்திரைக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். அந்தக் கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தைராய்டு பரிசோதனையில் டிஎஸ்எச் காரணமில்லாமல் ஏறுகிறது என்று மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன், காலையில் மாத்திரையோடு என்ன குடிக்கிறீர்கள் என்று பாருங்கள். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். கர்ப்பிணிகள் சமையல் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கொள்ளு

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். பழமொழி சரி, நாம் அதை ரசமாக்கிக் குடிப்பதுதான் சரியில்லை. கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் எடுத்து ரசம் வைத்துவிட்டு, பருப்பை மாட்டுக்குப் போடும் வீடுகள் இன்றும் உண்டு. புரதமும் நாரும் பருப்பில்தான் இருக்கின்றன. 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம், 8 கிராம் நார். ஆகவே சுண்டலாகத் தின்ன வேண்டும், அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, பஜ்ஜி தின்னும் நேரத்தில், பஜ்ஜிக்குப் பதிலாக. பஜ்ஜியோடு சேர்த்து அல்ல.

ஆளுக்கு 40 கிராம் கொள்ளு. முதலில் முறத்தில் புடைத்துக் கல் பொறுக்குங்கள். கொள்ளின் நிறத்திலேயே, கொள்ளின் அளவிலேயே கல் இருக்கும், கண்ணுக்கு அகப்படாது. அதனால் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தைச் சாய்த்து ஆட்டி ஆட்டிக் கொள்ளை மட்டும் மேலாக வழித்தெடுத்து அரித்துவிடுவது கட்டாயம். இல்லையென்றால் பல் போய்விடும். வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். உப்பைக் கடைசியில் போடுங்கள். ஊறவைக்காமல் பத்து விசில் விட்டாலும் நடு வேகாது. அந்தக் கொள்ளுதான் வயிற்றைப் பொருமச் செய்யும். பிறகு கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், ஒரு பல் பூண்டு தாளித்துக் கொட்டி, இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, வாரம் இரண்டு நாளோடு நிறுத்தலாம்.

தாளிப்பதிலும் ஒரு விஷயம். அகலமான வாணலியில் கடுகு வெடிக்க ஒரு மேசைக்கரண்டி எண்ணெயாவது வேண்டும். அது 120 கலோரி. குழிவான சின்னத் தாளிப்புக் கரண்டியில் ஒரு டீஸ்பூன் எண்ணெயே குளமாக நின்று கடுகை மூழ்கடிக்கும், 40 கலோரிதான். மணம் குறையாது. நாளுக்கு மூன்று தாளிப்பு என்றால் மிச்சம் 240 கலோரி, இது எந்த மூலிகைப் பொடியும் தராத கணக்கு.

பட்டை

நம் மளிகைக் கடைகளில் ‘பட்டை’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது காசியா. தடியாக, ஒரே அடுக்காக, மரச் சிராய் மாதிரி இருக்கும். கையால் ஒடிக்க முடியாது. இலங்கையில் கறுவா என்று சொல்லும் அசல் இலவங்கப்பட்டை தாள் போன்ற மெல்லிய அடுக்குகளைச் சுருட்டிய சுருட்டு போல இருக்கும். நுனியைப் பார்த்தால் பல சுற்றுகள் தெரியும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கடையில் சுருள் பட்டை அல்லது சிலோன் பட்டை என்று கேளுங்கள்.

வித்தியாசம் கூமரின் என்ற பொருளில் இருக்கிறது. காசியாவில் அது அதிகம், கறுவாவில் மிகச் சொற்பம். கூமரின் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். நாளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய வரம்பு. 60 கிலோ ஆளுக்கு இது காசியாத் தூளில் ஏறக்குறைய 2 கிராம். ஒரு ஸ்பூன் தூள் இரண்டரை கிராம் என்று பார்த்தோம் இல்லையா? தினமும் காலையில் ஒரு ஸ்பூன் பட்டைத் தூளை வெந்நீரில் கலந்து மாதக்கணக்கில் குடிப்பவர் தினமும் வரம்பைத் தாண்டுகிறார். பிரியாணியில் கிடக்கும் துண்டுக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம்.

தூளாக வாங்கினால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது. சுருளாக வாங்கி வெயிலில் காயவைத்து வீட்டிலேயே பொடியுங்கள். நாளுக்கு அரை ஸ்பூனுக்குள். பட்டை சர்க்கரையைச் சற்று இறக்கியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, ஒன்றுமே காட்டாதவையும் உண்டு. அதன் உறுதியான உபயோகம் வேறு: அதன் மணம் நாக்குக்கு இனிப்பைப் போலவே படும். டீயில் ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுபவர் நாளைக்கு நாலு டீ குடித்தால் 32 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட 130 கலோரி. பட்டைத் துண்டோடு ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டு டீ கொதிக்கவிட்டு, வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் சர்க்கரையைக் குறையுங்கள். நாலாவது வாரம் சர்க்கரை இல்லாத டீ பழகியிருக்கும். ஒரே நாளில் நிறுத்தியவர்கள் மூன்றாம் நாளே திரும்பிவிடுவார்கள்.

சுக்கு, சீரகம், மிளகு

சுக்குக்கு வெளியே நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு என்பார்கள். சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் பொடிக்க வேண்டும்; கடுக்காயில் கொட்டையை நீக்க வேண்டும். சுக்கு மல்லிக் காப்பிப் பொடிக்கு: தனியா 100 கிராம், சுக்கு 50, மிளகு 10, ஏலக்காய் 5. தனியாவையும் மிளகையும் தனித்தனியாக வெதுவெதுப்பாக வறுத்து, ஆறியதும் எல்லாவற்றையும் சேர்த்து அரைக்கவும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன். கருப்பட்டி போடாமல் குடித்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைதான். எலுமிச்சைச் சாற்றில் ஒரு மேசைக்கரண்டி தேன் ஊற்றினால் 60 கலோரிக்கு மேல்.

கடைச் சுக்குக் காப்பிப் பொட்டலங்களில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதிமதுரம் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷருக்காக மூலிகைக் காப்பிக்கு மாறிய ஆளுக்குப் பிரஷர் ஏறுவதன் மர்மம் சில சமயம் இதுதான்.

சீரகம் ஒன்றரை ஸ்பூன், வறுத்துப் பொடித்து, நாளுக்கு இரண்டு டம்ளர் நீர்மோரில் பிரித்துப் போடுங்கள். உப்பு வேண்டாம், கறிவேப்பிலை, இஞ்சி, ஒரு பச்சை மிளகாய் நசுக்கிப் போட்டால் உப்பில்லாத குறை தெரியாது. நாளுக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இருக்கும் வீட்டில் அது நடக்காது. சீரகத்தை வாங்கும்போது உள்ளங்கையில் வைத்துத் தேயுங்கள். கை கறுத்தால் கரித்தூள் பூசிய புல் விதை கலந்திருக்கிறது. மிளகைத் தண்ணீரில் போட்டால் மிதப்பதெல்லாம் பப்பாளி விதையாக இருக்கலாம்.

மஞ்சள்

சமையலில் நாளுக்கு அரை ஸ்பூன், மிளகோடு, கொஞ்சம் எண்ணெயில். அவ்வளவுதான். மஞ்சளின் மருந்துச் சரக்கு என்று சொல்லப்படும் குர்குமின் மஞ்சளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதுவும் எளிதில் உடலில் சேராது. மிளகின் பைபரினைச் சேர்த்தால் இரத்தத்தில் அதன் அளவு இருபது மடங்கு கூடியது என்று பெங்களூரில் நடந்த ஆய்வு 1998-ல் காட்டியது. அதைக் காட்டியே இன்று பைபரின் சேர்த்த குர்குமின் மாத்திரைகளை விற்கிறார்கள். அந்த மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றிய பதிவுகளும் மருத்துவ இதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மஞ்சள் பானங்களைத் தவிர்ப்பது நல்லது, மஞ்சளில் கல் உண்டாக்கும் ஆக்சலேட் அதிகம். பளீரென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த சாயம் சேர்ப்பதும் நடக்கிறது. விரலி மஞ்சளாக வாங்கி அரைப்பதே பாதுகாப்பு.

சிறுகுறிஞ்சானும் ஆவாரம்பூவும்

சிறுகுறிஞ்சான் இலை இரண்டை ஒரு நிமிடம் மென்று, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போடுங்கள். மணலை மெல்வது போல இருக்கும். இலையிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் இனிப்பை உணரும் மொட்டுகளை அரை மணி நேரமாவது அடைத்துவிடுகின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பைத் தேடும் கை உள்ளவர்களுக்கு இது நல்ல தந்திரம். ஆனால் இதையே காப்சூலாக விழுங்கினால் நாக்கைத் தொடாமல் போகிறது. இந்தப் பலன் கிடையாது. சிறுகுறிஞ்சான் சர்க்கரையையும் இறக்கக்கூடியது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். நாக்குக்கு இனிக்காவிட்டாலும் உடலுக்கு அது சர்க்கரைதான்.

ஆவாரம்பூ காய்ந்தது ஒரு மேசைக்கரண்டி, 200 மில்லி தண்ணீரில் முக்கால் பங்காக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடித்தால் ஒரு டம்ளர் பானம். மனிதர்களிடம் நடந்த ஆய்வு குறைவு. சர்க்கரை போட்ட நாலாவது டீயின் இடத்தைப் பிடிக்கிறது என்பதற்காகவே குடிக்கலாம். இதோடு நிலாவாரையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பேதி மருந்து. ‘ஸ்லிம் டீ’ என்று வரும் பல பொட்டலங்களில் இருப்பது அதுதான். வாரத்தில் இரண்டு கிலோ இறங்கும். இறங்கியது தண்ணீர், கூடவே பொட்டாசியம். நீர் பிரியும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தப் பொட்டாசிய இழப்பு இதயத் துடிப்பையே குழப்பும்.

தொடவே கூடாதவை

குடம்புளி மீன் குழம்பில் போட அருமையான புளி. அதன் சாற்றைச் செறிவாக்கி ‘கார்சினியா’ என்று விற்கும் காப்சூல் வேறு சரக்கு. கல்லீரல் செயலிழப்பு வரை போனவர்கள் உண்டு. கிரீன் டீயும் அப்படியே: கோப்பையில் குடித்தால் சரி, மாத்திரையாகச் செறிவாக்கினால் கல்லீரலுக்கு ஆபத்து. காலையில் அடிக்கும் சுரைக்காய்ச் சாற்றை முதலில் ஒரு துளி நாக்கில் வையுங்கள், கசந்தால் கொட்டிவிடுங்கள். கசப்புச் சுரைக்காய் உயிரையே வாங்கியிருக்கிறது. பிலிம்பி என்ற புளிப்புக் காயின் சாறு கொழுப்பைக் குறைக்கும் என்று குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகை’ மெலிவுப் பொடி நான்கு நாளில் பசியை அடியோடு நிறுத்தினால் சந்தேகப்படுங்கள். இதயத்துக்கு ஆகாது என்று தடை செய்யப்பட்ட சிபுட்ரமின் இப்படிப்பட்ட பொடிகளில் பல நாடுகளில் சிக்கியிருக்கிறது.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றைக் குழம்பு அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே காப்சூல், பொடி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பன்னிரண்டு வாரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் வெந்தயம் மட்டும். மூன்றாம் வாரம் டீயில் சர்க்கரைக் குறைப்பு, தாளிப்புக் கரண்டி. ஐந்தாம் வாரம் சாயங்காலக் கொள்ளு. ஏழாம் வாரம் சீரக மோர். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் இந்த வாரங்களில் வீட்டிலேயே அடிக்கடி சர்க்கரை பார்க்க வேண்டும். இறங்கினால் மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இடுப்பை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் அளந்து நாட்காட்டியிலேயே எழுதுங்கள்.

இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் எச்பிஏ1சி-யில் மாற்றம் முழுதாகத் தெரியப் பன்னிரண்டு வாரமாவது ஆகும். ஒரு மாதத்தில் எடுத்துப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பன்னிரண்டாம் வாரம் அதே லேபில், அதே பரிசோதனைகள். எஸ்ஜிபிடி முன்பைவிட ஏறியிருந்தால் எல்லாப் பொடிகளையும் நிறுத்தி, பழைய தாள், புதிய தாள், பொட்டலங்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, உடம்பு அரித்தாலோ, சோறு பிடிக்காமல் போனாலோ பன்னிரண்டு வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும்.